நடுப்படம்

சவேரியம்மாவின் கடையில் இட்லி மிஞ்சுவது என்பது நடக்காத காரியம். மில்லில் ஸ்டிரைக் வந்தால் மிஞ்சும், அதுவும் அரைச் சட்டி. அன்றைக்கு, மாசி மாதத்துப் புதன்கிழமை விடியலில், கொப்பரை முழுசாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேட்டுப்பட்டி முக்கில் அவள் வீட்டு வாசலை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு, விறகடுப்பு, இட்லிக் கொப்பரை, உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குப் போகிற பஸ் அந்த முக்கில்தான் நிற்கும். முதல் ஷிப்ட்டுக்குப் போகிற பிள்ளைகள் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டு, "அக்கா எனக்கு, அக்கா எனக்கு" என்று மொய்ப்பார்கள். சவேரியம்மா எல்லாரையும் திட்டுவாள். கடன் சொன்னால் திட்டு, பெரிய நோட்டை நீட்டினாலும் திட்டு. திட்டிக்கொண்டே தண்ணிச் சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றுவாள். பன்னிரண்டு வருசமாக அந்தத் திட்டை வாங்கித் தின்றுதான் அந்தப் பிள்ளைகள் நூல் சுற்றப் போகிறார்கள்.

அன்றைக்கு ஒருத்தியும் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் கூட்டமாக நின்றுகொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ அன்புமணி!" என்று சத்தம் போட்டாள் சவேரியம்மா. "என்னடி, அங்கன நின்னுக்கிட்டு? விரதமா?"

அன்புமணி தினமும் வருகிறவள். காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லக்கா. வீட்லயே சாப்டுட்டேன்."

"ஒங்க வீட்ல அடுப்புப் பத்தவைக்கிறதே சூரியன் உச்சிக்கு வந்தப்பறந்தான! யார்ட்டடி கத வுடுற?"

பஸ் வந்தது. பிள்ளைகள் தப்பித்தோம் என்று ஏறிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு மெஹராஜ்தான் விசயத்தைச் சொன்னாள். வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாதவள்.

"அக்கா, முக்குச் சுவத்துல போஸ்டர் பாத்தீங்கள்ல?"

"பாக்காம? நேத்தே பாத்துட்டேன். எங்க வீட்டு ஆளு மூஞ்சிதான நடுவுல, இம்புட்டுப் பெருசா."

பார்த்ததென்ன, பூரித்தே போயிருந்தாள். அவள் புருசன் ஞானதாஸ் நாடகத்தில் பபூன் வேசம் கட்டுகிறவன். திண்டுக்கல் ஜில்லாவில் எந்தத் திருவிழாவுக்கு நாடகம் வைத்தாலும் "பபூன் யாரு, ஞானதாசா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற நடிகர்களைப் பேசுவார்கள். ஆனாலும் அவன் முகத்தை இத்தனை பெரிதாக எவனும் அச்சடித்ததில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உதவி நாடகம் நோட்டீசுல நடுவுல யாரு படம் போடுவாங்க?"

சவேரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாடக நடிகர் சங்கத்தில் ஒரு வழக்கம். ஒரு கலைஞனுக்கு வீடு எரிந்துவிட்டது, கால் ஒடிந்துவிட்டது, ஆபரேசன் என்றால், மற்றவர்களெல்லாம் சம்பளம் வாங்காமல் ஒரு நாடகம் போட்டு வசூலை அவன் கையில் கொடுப்பார்கள். அதற்கு அடிக்கும் நோட்டீசில், கஷ்டப்படுகிற ஆளின் படம் நடுவில் பெரிதாக இருக்கும். நடிக்கிறவர்கள் படமெல்லாம் சுற்றிவரச் சின்னச் சின்னதாக இருக்கும். படிக்கத் தெரியாதவன்கூட நடுப்படத்தைப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, இவனுக்கா?" என்று சொல்லிப் போவான். இந்த ஊர்க் கண்ணு அப்படிப் பழகிப்போன கண்ணு.

சென்னையிலிருந்து வந்த கலை அறக்கட்டளைக்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கும், அந்த நோய் வந்த கலைஞர்களின் மருந்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்று ஒரு கலை இரவு ஏற்பாடு செய்தார்கள். நல்ல மனுசர்கள்தான். ஊரிலேயே பேர் போன முகம் எது என்று விசாரித்திருக்கிறார்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வின் அடையாளமான சிவப்பு நாடா போட்டு, அதற்குள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஞானதாசை வைத்து, கீழே 'பாதிக்கப்பட்ட கலைஞர்களுக்குக் கைகொடுப்போம்' என்று கொட்டை எழுத்தில் அடித்து, ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள். சங்கத்துக்காரர்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஒட்டியிருந்தால் யாராவது ஒரு கிழட்டு ஆர்மோனியக்காரன் தலையில் அடித்துக்கொண்டு தடுத்திருப்பான்.

"அப்ப ஊரே எங்க வீட்டு ஆளுக்கு..." என்று ஆரம்பித்த சவேரியம்மா முடிக்கவில்லை. அடுப்பு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். மிஞ்சிய இட்லியைக் கொப்பரையோடு தூக்கிப்போய் மெஹராஜ் வீட்டு ஆடுகளுக்குக் கொட்டினாள். ஆடுகள் மட்டும் ஒன்றும் கேட்காமல் தின்றன.

ஞானதாஸ் வெயில் ஏறினபிறகு வந்து சேர்ந்தான். முந்தின ராத்திரி ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கோயில் நாடகம். காது மடலில் இன்னும் அரிதாரம் ஒட்டியிருந்தது. அவன் பையை வைத்துவிட்டு உட்காரக்கூட இல்லை, சவேரியம்மா எதிரில் வந்து நின்றாள்.

"இருக்கா, இல்லையா? எங்கிட்டச் சொல்லு."

அவனுக்கும் தெரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன் கண்ணாடிக் கிளாசுக்குப் பதில் பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தானாம்.

"இல்ல. சங்கத்துல எல்லாருமாப் போயி ரத்தம் குடுத்தோம்ல, போன வருசம். எனக்கு இல்லன்னுட்டாங்க."

சவேரியம்மா நம்பினாள். இந்த ஆள் பொய் சொல்வதெல்லாம் மேடையில், சம்பளத்துக்குத்தான். வீட்டில் ஓசியில் ஒரு பொய் சொல்ல மாட்டான்.

"அப்ப எந்திரி. போயி ஆட்டோவுல மைக்கக் கட்டிச் சொல்லு. எனக்கு இல்ல, எம் பொண்டாட்டி இட்லிக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"சொல்லலாம் சவேரி. சொன்னா அடுத்து என்ன கேப்பான்? 'அப்ப யாருக்கு?'ம்பான். சங்கத்துல இருக்கிறதே கொஞ்சப்பேரு. நான் இல்லன்னு ஒரு வெரல மடக்குவான். அடுத்தவனையும் சொல்லச் சொல்லுவான். அவனும் இல்லம்பான், இன்னொரு வெரல மடக்குவான். கடைசில மடக்காம ஒரு வெரலு நிக்கும்ல? அவன் எங்க போவான்?"

"யாரு அது?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டக்கூடவா?"

"ஒங்கிட்டக்கூட."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்குச் சோறு போடாமலே மாவாட்டப் போனாள். செத்த நேரம் கழித்து நாளைக்கு யாருக்காக ஆட்டுகிறோம் என்று தோன்றியதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அறக்கட்டளையை நடத்துகிற சென்னை அம்மா மறுநாள் வீட்டுக்கே வந்தார். விசயம் தெரிந்து அரண்டுபோயிருந்தார். "தப்பு எங்களோடதுதான். வேற போஸ்டர் அடிச்சுடறோம். இவர் பாதிக்கப்பட்டவர் இல்லைன்னு தெளிவாப் போட்டுடறோம்" என்றார்.

ஞானதாஸ் சிரித்தான். "அம்மா, அப்படி அடிச்சா, அது வந்தவன்னா ஏதோ அசிங்கம் புடிச்சவன், நான் அவனில்லன்னு நீங்களே சுவத்துல ஒட்டுன மாதிரி ஆகும். எதுக்குக் கூட்டம் போடுறீங்களோ அதுக்கே ஒல வைக்கிறீங்களேம்மா."

அந்த அம்மா வேறு போஸ்டர் எண்ணத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போகும்போது சவேரியம்மா சொன்னாள்: "படத்துல இருக்கிறவருக்கு நட்டம் ஒண்ணுமில்லம்மா, அவரு நாடகம் பாக்க ஊரே வரும். இட்லி திங்கத்தான் ஒரு நாதி வரமாட்டேங்குது."

வியாழன், வெள்ளி, சனி. அரைப்படிக்கு மேல் ஊறப்போடவில்லை. அதிலும் பாதி ஆட்டுக்கு. பெஞ்சில் ஒரு பக்கம் மெஹராஜ் மட்டும் உட்கார்ந்து பிடிவாதமாகத் தின்றாள். சவேரியம்மா அடுப்படியில் நின்றபடி யாரென்றே தெரியாத அந்த ஒருத்தனை வாய் வலிக்கத் திட்டினாள். எவனோ ஒருத்தன் ஊர் மேயப் போனான், என் அடுப்பு அணைஞ்சது. அவன் நல்லா இருப்பானா? இதைவிட மோசமாகவும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து வந்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்க்காரன், சங்கத்தில் மிருதங்கம் வாசிக்கிறவன். ஞானதாசின் ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு தட்டுத் தட்டிச் சிரிப்பைத் தூக்கிவிடுகிறவன் இவன்தான். மெலிந்துபோயிருந்தான். சங்கத்தில் எல்லாரும் தூக்கம் கெட்டு மெலிந்தவர்கள் என்பதால் அவள் கவனித்ததில்லை.

"அண்ணன் இல்லீங்களாக்கா?"

"மைதானத்துல மேடை கட்டுறாங்கன்னு பாக்கப் போயிருக்காரு. ஒக்காரு."

அவன் உட்காரவில்லை. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாளைக்கு மேடையில நான் சொல்லிப்போடறனுங்க. அண்ணனுக்கு இல்லீங்க. எனக்குத்தானுங்க."

சவேரியம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். நாலு நாளாக அடுப்படியில் நின்று அவள் சாபம் விட்டதெல்லாம் இந்தப் பிள்ளைக்கா? இவன் கல்யாணத்துக்கு மொய் எழுதியவள் அவள்.

"ஒம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அவளுக்கு இல்லீங்க, புள்ளைங்க ரெண்டுக்கும் இல்லீங்க. சாமி புண்ணியம். அவ மார்க்கெட்டுல தக்காளி தரம் பிரிக்கப் போறாளுங்க. வெளிய தெரிஞ்சா அந்தக் கூடையத் தொட வுட மாட்டாங்க. அதுக்காவ உங்க கடை படுத்துக் கெடக்கறதப் பாத்துட்டு நான் உள்ளுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தா, நான் மனுசனுங்களாக்கா?"

"மொதல்ல ஒக்காருடா. காப்பி குடி."

காப்பி ஊற்ற உள்ளே போனாள். எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அதற்குப் பக்கத்தில் விசேசத்துக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்பு. அவள் கை பேப்பர் கப்புப் பக்கம் போனது. போனது என்று அவளுக்கே தெரிந்தபோது உடம்பு கூசிப்போயிற்று. அடி சண்டாளி, அந்த டீக்கடைக்காரனுக்கும் ஒனக்கும் என்னடி வித்தியாசம் என்று தன்னைத்தானே வைதுகொண்டு, ஞானதாஸ் குடிக்கிற டம்ளரையே எடுத்தாள்.

அவன் குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"நாச்சிமுத்து, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு மேடையில நீ வாயத் தொறந்தே, மிருதங்கத்தக் கிழிச்சு ஒங் கழுத்துல மாட்டிவுட்ருவேன். எங் கட எப்படி நடக்கணும்னு எனக்குத் தெரியும். ஒங் கூடைய நீ காப்பாத்து."

"எப்படீங்கக்கா..."

"எப்படியோ! போடா, போயி மாத்திரயத் தின்னுட்டுத் தூங்கு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே ஒழிய எப்படி என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். முன்னால் நாற்காலிகளில் மில் முதலாளிகள், தோல் பதனிடும் ஷாப் முதலாளிகள், டாக்டர்கள், சென்னை விருந்தாளிகள், எல்லார் சட்டையிலும் சிவப்பு நாடா குத்தியிருந்தது. அவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் நிகழ்ச்சி. பின்னால் மணலில் ஊர்ச்சனம். வழக்கமாகச் சிரிக்க வருகிற ஜனம் அன்றைக்கு வேவு பார்க்க வந்திருந்தது. ஆள் இளைத்திருக்கிறானா, கருத்திருக்கிறானா என்று பார்க்க வேண்டுமே. மைதானத்து ஓரத்தில் இலவச ரத்தப் பரிசோதனைப் பந்தல் ஒன்று, சீரியல் பல்பெல்லாம் போட்டு ஜோராக இருந்தது. உள்ளே இரண்டு நர்சுகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பந்தலைச் சுற்றி மட்டும் ஆளே கிடையாது.

நாடகக்காரன் பெண்டாட்டி புருசன் நாடகத்துக்குப் போகிற வழக்கமில்லை. அவன் மேடையில் வேறொருத்தியோடு ஆடுவதை இவள் கீழே உட்கார்ந்து பார்த்தால் ஊர் இவளைத்தான் பார்க்கும். சவேரியம்மாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து போனதில்லை. அன்றைக்கு மெஹராஜைக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலி வரிசைக்குப் பின்னால், முதல் ஆளாக மணலில் உட்கார்ந்தாள்.

திரை விலகி ஞானதாஸ் துள்ளிக்கொண்டு வந்தான். மிருதங்கம் அவன் காலோடு சேர்ந்து குதித்தது. கும்பிடு போட்டான், கோணல் நடை நடந்தான். முதலாளிகள் சிரித்தார்கள். மணல் பக்கம் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒருத்தன் கத்தினான்.

"ஏய் ஞானதாசு! ஒனக்கு இருக்கா இல்லையா? அதச் சொல்லிட்டு ஆடுப்பா!"

எந்தக் கேள்விக்கும் வாயில் பதிலை ஊறவைத்துக்கொண்டு நிற்கிற மனுசன், மைக்கைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றுவிட்டான். அந்த ஒரு கணத்தில் சவேரியம்மா பார்த்தாள்: மேடை ஓரத்தில் நாச்சிமுத்து மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைக்கிறான், எழுந்திருக்கப் போகிறான்.

அவள் எழுந்துவிட்டாள்.

"அவர்ட்ட என்னடா கேக்குற? கடை என்னோடது, எங்கிட்டக் கேளு!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. ஞானதாஸ் மேடை நுனியில் மண்டியிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே மேடையடிக்கு வந்துவிட்ட அவளிடம் மைக்கை நீட்டினான். மைக்கைக் கையில் பிடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாய் நடுங்கவில்லை, அது நடுங்கிப் பழக்கமில்லாத வாய்.

"எங்க வீட்டுல யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லங்கிறது எங்க வீட்டுச் சங்கதி. அதச் சொல்ல முடியாது. ஒங்க சங்கதியச் சொல்றேன், கேளுங்க. இந்த மைதானத்துல எங் கடை இட்லியத் திங்காதவன் எவனாச்சும் இருந்தா கையத் தூக்கு! ஒருத்தனக் காணோம். பன்னெண்டு வருசமாத் தின்னிருக்கீக. இட்லியில ஒட்டும்னா இன்னேரம் ஒங்க அம்புட்டுப் பேருக்கும் ஒட்டியிருக்கும். அந்தா இருக்கு பந்தலு, ஓசிதான். போயிப் பாத்துட்டு வந்து எங்க வீட்டுக் கதையக் கேளுங்க. இட்லியில ஒட்டாதுன்னா, நாலு நாளா எதுக்குடா பழைய சோத்தக் குடிச்சுக்கிட்டு, வவுறு எரிய மில்லுக்குப் போறீக?"

மணல் பக்கம் கொல்லென்று சிரித்தது. முதலாளிகள் கைதட்டினார்கள். ஆனால் கத்தினவன் லேசுப்பட்டவன் இல்லை.

"எங்களப் போகச் சொல்றியே, நீ போயிப் பாத்தியாக்கா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் வந்து குத்தியது. போனதில்லை. ராத்திரி ராத்திரியாக ஊர் ஊராகப் போகிற புருசன். அவன் சொன்ன வார்த்தையை நம்பினாளே தவிர, தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பயம் வந்தது. எல்லாரும் பார்க்கிறார்களே என்கிற பயமில்லை, நிசமான உயிர்ப்பயம். ஞானதாசைப் பார்த்தாள். அவன் வேசத்துக்குள்ளிருந்து, பபூன் சிரிப்பில்லாமல், 'போ' என்று தலையசைத்தான்.

"கேட்டான்யா நியாயமான கேள்வி!" என்றாள் சவேரியம்மா. "இந்தா, போறேன்."

மைக்கைக் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்தான். மிருதங்கத்தைத் திரும்ப மடியில் எடுத்துக்கொண்டு, அவள் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு வைத்தான். ராணி வேசம் வரும்போது வாசிக்கிற நடை. ஜனம் விசிலடித்தது.

"அடேய், எம் பொண்டாட்டி போறாடா!" என்று ஞானதாஸ் மேடையில் அலறினான். "மாமியா செத்தப்பக்கூட இம்புட்டு வேகமா நடந்ததில்லடா! யாராச்சும் தொணைக்குப் போங்கடா, தனியா வுட்டா நர்சம்மாவையே திட்டிருவா!"

மெஹராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் நாலு மில் பிள்ளைகள். அதற்கும் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து கத்தினவனே ஆடியசைந்து வந்தான். அவனும் கடன் வைத்து இட்லி தின்றவன்தானே, உள்ளுக்குள் உதறல் இருக்காதா? நிகழ்ச்சி முடிகிறபோது பந்தலின் வரிசை மைதானத்துக் கேட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நர்சுகளுக்கு ஊசி பற்றவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி வாங்கிவந்தார்கள். ஞானதாஸ் வேசத்தோடு வந்து அதே வரிசையில் நின்றான். நாச்சிமுத்துவும் வந்து நின்றான். யார் எதற்கு நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சவேரியம்மாவுக்கு முடிவை ஒரு மறைப்புத் துணிக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொன்னார்கள். "இது உங்களுக்கு மட்டும்தான்மா. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றாள் நர்சு. சவேரியம்மா கேட்டுக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எழுந்து வந்தாள். நர்சு சொல்லாததை இந்தக் கதையும் சொல்வதாக இல்லை.

திங்கள் விடியலில் அடுப்புப் பற்றவைத்தாள். வழக்கமான அளவுக்கே மாவு. மிஞ்சினால் மிஞ்சட்டும் என்றிருந்தாள். மல்லிச் சட்னிக்குத் தாளித்த வாசனை ரோட்டைத் தாண்டிப் போயிற்று. புளிய மரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கடைசியில் அன்புமணிதான் ரோட்டைக் கடந்து வந்தாள். மற்றவர்கள் பாதி ரோடுவரை வந்து, காதை இங்கே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா."

"என்னடி?"

"நேத்து டெஸ்ட்டுல... என்னக்கா சொன்னாங்க?"

ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பஸ் வருவதற்குள் கொப்பரை காலியாகிவிடலாம். சவேரியம்மா ஈரத்துணியை உரித்து, ஆவி பறக்கிற இட்லியைத் தட்டில் தட்டினாள்.

"அது எனக்கும் அந்த நர்சம்மாவுக்கும். ஒனக்கு எத்தன வைக்க?"

தூரத்தில் மில் பஸ் ஹாரன் அடித்தது. அன்புமணி தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஆறு வைங்கக்கா. மத்தியானத்துக்கும் சேத்து." அப்புறம் இன்னும் கிட்டத்தில் வந்து, குரலை இறக்கினாள். "அக்கா, நானும் நேத்து வரிசையில நின்னேன். எனக்கு வந்து..."

"நான் கேட்டேனாடி?" என்றாள் சவேரியம்மா. "டப்பாவத் தொற. பஸ்ஸு வந்துருச்சு."